பின்னால் வந்தவன்

2020 ஏப்ரல், ஊரடங்கு. கோப்பாயில் எங்கள் வீட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரையைப் போட்டுக்கொண்டு, வேலையில்லாமல் அடைபட்டிருந்த எல்லாரும் செய்ததையே நானும் செய்தேன். கைத்தொலைபேசிக்கு வந்ததை வாசித்தும் வாசிக்காமலும் அடுத்தவருக்குத் தள்ளிவிட்டேன். அப்படித் தள்ளிவிட்டதில் ஒரு படம். வெள்ளை வெளேரென்ற பனிவெளியில் இருபத்தைந்து ஓநாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. கீழே விளக்கம்: முன்னால் போகும் மூன்றும் கிழடும் நோயும், அவற்றின் வேகத்துக்கே கூட்டம் நடக்கிறது, அடுத்த ஐந்தும் பலசாலிகள், நடுவில் மற்றவை, பிறகு மறுபடியும் பலசாலிகள், எல்லாவற்றுக்கும் கடைசியில், சற்றுத் தள்ளித் தனியாக வருவது தலைவன். எல்லாரையும் கண்காணித்தபடி, யாரையும் கைவிடாமல்.

எனக்கு நெஞ்சு விம்மியது. குடும்பக் குழுவில் அதைப் போட்டு, அடியில் ஒரு வரியும் சேர்த்தேன்: "95இல் கைதடிக்குப் போகேக்க நானும் இப்பிடித்தான் கடைசியா வந்தனான்."

கனடா, லண்டன், சுவிஸ், கொழும்பு என்று சிதறிக் கிடந்த சொந்தங்கள் கைகூப்பும் பொம்மைகளை அனுப்பினார்கள். ஒருமணி நேரம் கழித்து ஒரு குரல்பதிவு வந்தது. ரொறன்ரோவிலிருந்து, என் தங்கச்சியின் மகள். பதின்மூன்று வயது. அதுவரை அந்தப் பிள்ளையின் குரலை நான் கேட்டதே இல்லை.

"மாமா, அந்தப் படத்துக்குக் கீழ எழுதியிருக்கிறது பிழை. முன்னுக்குப் போறதுதான் லீடர். அது பொம்பிளை ஓநாய். பனியை மிதிச்சுப் பாதை போட்டுக் குடுக்குது. கடைசியா வாறதுக்கு வேலை லேசு."

என்னுடைய மருமகள் என்னோடு முதல்முதலாகக் கதைத்தது இதுதான்.

ஏன் அதற்கு முன் கதைக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஓநாய் ஒரு சாட்டு.

*

இலங்கையில் ஓநாய் இல்லை. ஆடு நனைகிறதென்று அழுத ஓநாய் பழமொழியோடு தோணியேறி வந்ததே தவிர, எங்கள் மண்ணில் அது நடந்ததில்லை. எங்களுக்கு நரிதான். உப்பாற்றங்கரைப் பற்றைகளுக்குள் நரி ஊளையிட்டதை அப்பாச்சி சொல்லக் கேட்டிருக்கிறேன். ஓநாய்க் கூட்டமொன்று வாழ நூற்றுக்கணக்கான சதுர கிலோமீற்றர் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சேர்த்தே ஏறக்குறைய ஆயிரம்தான். ஆனாலும் ஓநாய் என்னிடம் வந்தது. 2003இல், சமாதான காலத்தில், கண்டி வீதி திறந்திருந்தபோது, நான் வேலை செய்த இடத்தில் கொழும்புக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். குளிரூட்டிய மண்டபம், நடுவில் தேநீர், சுவரில் படங்கள். ஓநாய்க் கூட்டத்தில் 'அல்பா' என்றொருவன் இருப்பான், சண்டையிட்டு மேலே வந்தவன், முதலில் தின்பவன், யார் யாரோடு சேரலாம் என்று தீர்மானிப்பவன், அவன் அசந்தால் கூட்டம் சிதறிவிடும். பயிற்சியாளர் இதைச் சொல்லிவிட்டு, "உங்களில் யார் அல்பா?" என்று கேட்டார். கை உயர்த்தவில்லை. ஆனால் திரும்பி வந்த பஸ்ஸில், ஓமந்தை சோதனைச் சாவடியில் பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கும்போதும், அந்தச் சொல் நாக்கில் இனித்தது.

அப்பா 1992இல் மாரடைப்பில் போனார். எனக்குப் பதினெட்டு, தங்கச்சிக்குப் பன்னிரண்டு. அன்றிலிருந்து வீட்டின் தலை நான்தான் என்று எண்ணியிருந்தேன். ஒருவரும் அப்படிச் சொன்னதாக ஞாபகம் இல்லை. செத்தவீட்டுக்கு வந்த ஒரு பெரியவர் தோளில் தட்டி, "இனி நீதான் தம்பி" என்றார். அது போதுமாக இருந்தது. கொழும்பு மண்டபம் அந்த எண்ணத்துக்கு ஒரு விஞ்ஞானத்தையும் தந்தது.

2005இல் தங்கச்சி குசினி வாசலில் நின்று சொன்னாள், "அண்ணை, எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்கு." கூடப் படிப்பித்தவர். ஊர் கோப்பாய்தான், ஆனால் ஊரின் மற்ற அந்தம். யாழ்ப்பாணத்தான் இந்த இடத்தில் கேட்கும் கேள்வியை நானும் கேட்டேன்.

"அவையள் ஆர் ஆக்கள் எண்டு தெரியுமோ உனக்கு?"

"தெரியும். தெரிஞ்சுதான் சொல்லுறன்."

எனக்கு வேறு திட்டம் இருந்தது. மாமாவின் மகன், முறை மச்சான். காணிக்குக் காணி ஒட்டு. வேலிக் கதியாலைப் பிடுங்கினால் ஒரே வளவு. தங்கச்சி அதற்கும் பதில் வைத்திருந்தாள். "அவன் எனக்குச் சகோதரம் மாதிரி அண்ணை. சண்டைக் காலத்தில ஒரே பாயில படுத்து எழும்பினனாங்கள்." அது ஒரு பதிலாக எனக்குப் படவில்லை. முறை என்றால் முறைதான்.

அம்மா அடுப்படியில் இருந்தபடியே, "தம்பி, கொஞ்சம் பொறன்" என்றார். நான் பொறுக்கவில்லை. அன்று பின்னேரமே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தப் பெடியனின் வீட்டுக்குப் போனேன். அவருடைய தகப்பன் தோட்டத்திலிருந்து வந்த கோலத்தில், காலில் செம்பாட்டு மண்ணோடு, படலையைத் திறந்து "வாங்கோ" என்றார். நான் உள்ளே போகவில்லை. மோட்டார் சைக்கிளை நிறுத்தவும் இல்லை. அது இரைந்துகொண்டிருக்க, அதற்கு மேலால் கேட்கும்படி கத்தவேண்டியிருந்தது. ஒழுங்கை முழுவதற்கும் கேட்டது. என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. அவர் தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என்னைவிட முப்பது வயது மூத்த மனிதர்.

அடுத்த ஆண்டு தங்கச்சி கொழும்பில் பதிவுத் திருமணம் செய்தாள். பிறகு கனடா. அம்மாவைப் போகவிடவில்லை. கதைக்கவும் கூடாது என்றேன். கூட்டத்தின் தலைவன் சொன்னால் சொன்னதுதான்.

*

மருமகளின் குரல்பதிவு வந்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. பிழை என்று நிரூபித்துக் காட்டவே தேடத் தொடங்கினேன். ஊரடங்கில் நேரத்துக்கு என்ன குறை? அந்தப் படத்தை எடுத்தவர் சாடன் ஹண்டர். பிபிசியின் 2011ஆம் ஆண்டுத் தொடருக்காக, கனடாவின் வூட் பஃபலோ தேசியப் பூங்காவில் எடுத்தது. காட்டெருமை வேட்டைக்குப் போகும் கூட்டம். கூட்டத்தை நடத்திப்போவது பெண் ஓநாய் என்றும், ஆழ்பனியில் சக்தியை மிச்சம்பிடிக்கவே ஒற்றை வரிசையில் போகின்றன என்றும் அசல் குறிப்பிலேயே இருக்கிறது. நோயாளிகளும் கடைசித் தலைவனும் 2015இல் யாரோ சும்மா எழுதிவிட்டது. பிள்ளை சொன்னது அச்சொட்டாகச் சரி.

அதற்குப் பிறகுதான் அல்பாவின் பூர்வீகம் கிடைத்தது. சுவிற்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சிச்சாலையில் ருடோல்ஃப் சென்கெல் என்ற ஆய்வாளர் ஓநாய்களைக் கவனித்து 1947இல் எழுதினார். பத்து மீற்றருக்கு இருபது மீற்றர் அடைப்பு, அதற்குள் பத்து ஓநாய்கள் வரை. எங்கள் கணக்கில் ஒரு பரப்புக் காணியும் வராது. வெளியே போக வழியில்லாமல் அடைபட்டவை சண்டை பிடித்தன. மேல் கீழ் என்று வரிசை உண்டானது. நலன்புரி முகாமொன்றின் தண்ணீர்க் குழாயடியில் காலையில் நடக்கும் சண்டையைப் பார்த்துவிட்டு, தமிழரின் சமூக அமைப்பு இதுதான் என்று ஒருவர் புத்தகம் போட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் ஆயிற்று. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மீச் 1970இல் எழுதிய ஓநாய் நூல் அந்தக் கருத்தை உலகமெங்கும் கொண்டுபோனது. பிறகு அதே மீச், கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில், 1986 தொடக்கம் பதின்மூன்று கோடைகள் காட்டு ஓநாய்களோடு பக்கத்திலிருந்து பழகினார். 1999இல் தான் பரப்பியதைத் தானே மறுத்து எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது ஒரு குடும்பம். ஒரு தாய், ஒரு தகப்பன், கடந்த ஒன்றிரண்டு வருடத்துப் பிள்ளைகள். சண்டையிட்டு வென்ற தலைவன் என்று அங்கே எவனும் இல்லை. பெற்றதால் மூத்தவர்கள், அவ்வளவுதான். பழைய நூலை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தை அவர் ஆண்டுக்கணக்காகக் கேட்டு, கடைசியில் 2022இல்தான் அது நின்றது. தன் பிழையை மீட்க மனிதன் எவ்வளவு காலம் அலைய வேண்டியிருக்கிறது.

இது 1944இலேயே தெரிந்திருக்கலாம் என்பதுதான் வேடிக்கை. அலாஸ்காவில் அடோல்ஃப் மியூரி குகை வாசலைப் பார்த்தபடி நாட்கணக்காக இருந்து எழுதிய நூல் அந்த ஆண்டு வந்தது. தாய் வேட்டைக்குப் போக இன்னொரு பெண் ஓநாய் குட்டிகளோடு தங்கியதையும், கூட்டத்துக்குள் இருந்த நட்பையும் அவர் அதில் எழுதியிருக்கிறார். அதைப் பயிற்சி மண்டபங்களில் யாரும் காட்டுவதில்லை. குட்டியைப் பார்த்துக்கொள்ளும் சித்தியை வைத்து முகாமைத்துவ வகுப்பு நடத்த முடியாதே.

இங்கே நான் நின்றுவிட்டேன். தாய், தகப்பன், பிள்ளைகள். அப்பா போய்விட்டார். அப்படியென்றால் எங்கள் வீட்டில் நான் யார்?

முந்தின வருடத்துக் குட்டி. அவ்வளவுதான் என் இடம். அந்த மூத்த குட்டிக்கும் ஒரு வேலை உண்டு. இரை கொண்டுவருவது, சின்னதுகளோடு விளையாடுவது, பெரியவை போனால் காவல் இருப்பது. இரை குறைந்தால் பெற்றோர் முதலில் சின்னதுக்குக் கொடுக்கும். மூத்தது காத்திருக்க வேண்டும். மூத்தது தீர்மானிக்கும் என்று எந்தக் காட்டிலும் இல்லை. அதிலும் தங்கச்சி யாரோடு போகவேண்டும் என்பதை.

எப்படிச் சோடி சேர்கின்றன என்பதையும் அந்த நாட்களில் வாசித்தேன். ஒன்று தொடக்கம் மூன்று வயதுக்குள் பெரும்பாலானவை வீட்டை விட்டுக் கிளம்பும். தனியே அலையும், சிலது நூற்றுக்கணக்கான கிலோமீற்றர். தன் இரத்தமில்லாத ஒன்றைத் தேடிச் சேரும். கூட வளர்ந்ததோடு சேர விரும்பாது. வேறு வழி இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஐல் றோயல் தீவு சாட்சி. 2016இல் அங்கே மிஞ்சியவை இரண்டே ஓநாய்கள், தகப்பனும் மகளும். அவை ஒரே தாய்க்குப் பிறந்த சகோதரங்களும்கூட. பிறகு வெளியிலிருந்து ஓநாய்களைக் கொண்டுவந்து விடவேண்டி வந்தது. ஒரே பாயில் படுத்து எழும்பினவன் என்று தங்கச்சி சொன்னதை அப்போதுதான் நான் முதல் தடவையாகக் கேட்டேன், பதினைந்து வருடம் பிந்தி.

யெலோஸ்ரோனுக்கு 1995இலும் 96இலும் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுபோய் விட்டார்கள். எங்களை ஊரைவிட்டுக் கிளப்பிய அதே ஆண்டு அவற்றையும் கிளப்பியிருக்கிறார்கள். அங்கே 21 என்று இலக்கமிட்ட ஓநாயின் தகப்பனை 1995இல் ஒருவன் சுட்டுக் கொன்றான். எட்டுக் குட்டிகளோடு தனித்துப்போன தாயிடம் 8ஆம் இலக்க இளம் ஓநாய் வந்து சேர்ந்து, பிறத்தியான் பெற்ற அந்தக் குட்டிகளை வளர்த்தது. வளர்ந்த 21, 1997 கடைசியில் வீட்டை விட்டுக் கிளம்பி, ஆண் துணையை இழந்திருந்த ட்றூயிட் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்தது. நிலம் பெண்களுடையது; வந்தவன் 21. அசல் யாழ்ப்பாணத்து மாப்பிள்ளை! அங்கே ஏற்கெனவே இருந்த குட்டிகளை, தன்னை ஒருவன் வளர்த்ததுபோல, அதுவும் ஏற்றுக்கொண்டது. அதே கூட்டத்தில் 40 என்றொரு பெண் ஓநாய் இருந்தது. தன் சகோதரியை அடித்துக் கடித்து அடக்கி வைத்திருந்தது. நான் கொழும்பில் கற்ற அல்பாவுக்கு அச்சு அசல். 2000ஆம் ஆண்டு மே மாதம் அதன் சொந்தக் கூட்டமே அதைக் கடித்துக் கொன்றதாகத்தான் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதன் குட்டிகளை, அடிவாங்கிய அந்தச் சகோதரியே வளர்த்தது.

*

மாப்பிள்ளை என்று எழுதியபின் இன்னொன்றையும் எழுதவேண்டும். இதுவரை சொன்னவற்றில் எனக்குக் கொஞ்சம் பெருமை ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாதித் திமிர் பிடித்த அண்ணன் என்பதிலும் ஒரு கம்பீரம் இருப்பதாக நினைப்பவர்கள் எங்கள் ஊரில் உண்டு. இதில் அது இல்லை.

எங்கள் வழக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மகளுக்கு வீட்டைச் சீதனமாக எழுத, மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். மகன் தன் மனைவியின் வீட்டுக்குப் போவான். ஒல்லாந்தர் 1707இல் தேசவழமையை எழுதிச் சட்டமாக்கியபோது முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று பிரித்துப் பிரித்து எழுதியதும் இந்த ஒழுங்கையொட்டித்தான். நான் இருந்துகொண்டு இதை எழுதும் விறாந்தை, நாற்சார் வீடு, நல்ல தண்ணிக் கிணறு, பின்வளவு மா, எல்லாம் தங்கச்சிக்கென்று அப்பா வாயால் சொல்லிவைத்தவை. அவள் மச்சானைக் கட்டியிருந்தால் வீடு அவளுக்குப் போயிருக்கும், ஆனால் காணி ஒன்றாகி என் கைக்குள் நின்றிருக்கும். அவள் சொல்லாமல் போனதில் வீடு எனக்கு மிஞ்சியது. 2007இல் நான் கலியாணம் செய்தபோது என் மனைவியை இங்கே கூட்டிவந்தேன். அவருடைய சீதன வீட்டை வாடகைக்குக் கொடுத்தோம். அந்த வாடகையை நான் பதின்மூன்று வருடம் எண்ணி வாங்கியிருக்கிறேன். தங்கச்சி மீது கோபம் ஆறாமல் இருந்ததற்கு இந்தக் கணக்கும் காரணம் என்று எனக்கே நான் சொல்ல ஊரடங்கு வரவேண்டியிருந்தது. கோபம் ஆறினால் வீட்டைப் பற்றிக் கதைக்கவேண்டி வருமே.

அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கதைக்கக் கூடாது என்று நான் சொன்ன பிறகும் பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் கிழமைக்கு ஒருதரம் கதைத்திருக்கிறார். கனடா போகும் யாரிடமாவது மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் கொடுத்துவிட்டிருக்கிறார். வீட்டில் செத்தல்மிளகாய் ஏன் இப்படிக் கரைகிறது என்று நான் ஒருமுறை கடைக்காரனோடு சண்டைக்குப் போனது உண்டு. அம்மா அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

*

மருமகளோடு மெல்ல மெல்லக் கதை வளர்ந்தது. ரொறன்ரோவிலிருந்து மூன்று மணி நேரம் காரில் போனால் அல்கோன்குவின் பூங்கா. 1963 தொடக்கம் ஆகஸ்ட் மாதங்களில் அங்கே ஆட்களைத் திரட்டிக்கொண்டுபோய் இருட்டில் நிறுத்தி, பூங்கா ஊழியர்கள் ஊளையிட்டுக் காட்டுவார்கள். ஓநாய்கள் பதிலுக்கு ஊளையிடும். பள்ளிக்கூடத்து ஓநாய் ஒப்படைக்காகத் தகப்பன் அவளை அங்கே கூட்டிப்போயிருக்கிறார். "எல்லாரும் மூச்சு விடாம நிண்டம் மாமா. அப்பா அழுதவர்." ஏன் அழுதார் என்று நான் கேட்கவில்லை.

அந்தப் பூங்காவைப் பற்றி அவள் அனுப்பிய ஒரு செய்தி என்னைப் பல நாள் விடவில்லை. பூங்காவுக்குள் ஓநாய்க்குப் பாதுகாப்பு உண்டு. எல்லை தாண்டினால் வெடி வைப்பார்கள், பொறி வைப்பார்கள். சுற்றியிருந்த பிரதேசங்களிலும் அதை 2001இல் தடைசெய்தார்கள். தடைக்கு முன் பார்த்தபோது நூற்றுக்கு எண்பது கூட்டங்களில் உறவில்லாத ஓநாய்கள் கலந்திருந்தன. தடைக்குப் பின் அது நூற்றுக்கு ஆறாகக் குறைந்தது. ஓநாயின் மொத்தத் தொகையில் பெரிய மாற்றம் இல்லை. கூட்டத்தின் உள்ளமைப்புத்தான் மாறியது. சாவு ஓயாதவரை மிஞ்சியவை மிஞ்சியவற்றோடு சேர்ந்து கூட்டமாகின்றன. வெடி நின்றதும் குடும்பங்கள் திரும்புகின்றன.

சண்டைக் காலத்தில் எங்கள் வீட்டில் பதினாலு பேர். மாமா குடும்பம், பலாலிப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்த ஒரு வாத்தியாரும் மனைவியும், யாருடைய உறவென்று கடைசிவரை எனக்குப் பிடிபடாத ஒரு கிழவி. எல்லாருக்கும் ஒரே உலையில் சோறு. யார் எங்கே படுப்பது, யாருக்கு எத்தனை அகப்பை, யார் முதலில் கிணற்றடிக்குப் போவது என்று தினமும் தீர்ப்பு வேண்டியிருந்தது. நான் தலைவன் என்று நம்பத் தொடங்கியது அங்கேதான் போலிருக்கிறது. தீர்ப்புச் சொன்னவர் அம்மா. சத்தம் போட்டவன் நான்.

2023 ஆகஸ்டில் தங்கச்சி மகளோடு வந்தாள். பதினேழு வருடம். அவளுடைய கணவர் வரவில்லை, அவருடைய தகப்பன் 2014இலேயே செத்துப்போயிருந்தார், என்னிடம் ஒரு மன்னிப்பும் வாங்காமல். வீட்டு உறுதியைப் பற்றி நானே எடுத்தேன். நொத்தாரிசிடம் போவோம் என்றேன். "அம்மா இருக்கட்டும் அண்ணை, பிறகு பாப்பம்" என்றுவிட்டாள். என்னை மன்னித்ததாகவும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முன்பு "நீங்கள் சாப்பிட்டியளோ" என்று கேட்பவள், இப்போது "சாப்பாடு முடிஞ்சுதோ" என்று பொதுவாகக் கேட்கிறாள்.

ஒருநாள் பின்னேரம் மருமகளுக்குக் காட்டவென்று அம்மாவையும் ஏற்றிக்கொண்டு ஓட்டோவில் கைதடி வீதியால் போனோம். பாலத்தடியில் இறங்கினோம். இரண்டு பக்கமும் தரவை, நடுவில் தண்ணீர், கொக்குகள். 1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமத்துச் சனம் இலட்சக்கணக்கில் தென்மராட்சிக்குப் பெயர்ந்த இரவு, மழைக்குள் இந்த வீதியால்தான் நாங்கள் போனோம். பிள்ளைக்குக் கைகாட்டிச் சொன்னேன். மாமி குடும்பம் இதில் நின்றது, உன்ர அம்மா இந்தக் கரையால போனவள், அம்மம்மா முன்னுக்கு இலாம்போட போனவ, நான் எல்லாருக்கும் கடைசியா.

தங்கச்சி ஒன்றும் பேசாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மருமகள் கேட்டாள், "ஏன் மாமா கடைசியா?"

நான் வாயைத் திறக்குமுன் அம்மா ஓட்டோவுக்குள் இருந்தபடி சொன்னார்.

"அவன்ர செருப்பு அறுந்து போச்சு பிள்ளை. நாங்கள்தான் நிண்டு நிண்டு போனனாங்கள்."